எழுதும் உரிமைக்கு எங்கே பூட்டு?

குவீன்ஸ்டவுன் சிங்கப்பூரின் பல முதல்களைக் கண்ட இடம். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டி முடித்த முதல் அடுக்குமாடிக் கட்டடங்கள் 1960இல் ஸ்டெர்லிங் சாலையில் எழுந்தன. நாட்டின் முதல் முழுநேரக் கிளை நூலகம் 1970இல் மார்கரெட் டிரைவில் திறந்தது. இன்று இதே வட்டாரத்தில் அலெக்சாண்ட்ரா மருத்துவமனை, கென்ட் ரிட்ஜில் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை, ஸ்டெர்லிங் சாலையில் பலதுறை மருந்தகம் ஆகியவை இருக்கின்றன. பொதுச் சுகாதாரத் துறைக்கான கணினிக் கட்டமைப்பை நடத்தும் சினாப்ஸ் நிறுவனமும் ஒன்-நார்த்தில் இயங்குகிறது. உடல்நலப் பதிவுகளோடு நாள்தோறும் புழங்கும் இத்தனை நிறுவனங்கள் நெருங்கி அமைந்த வட்டாரம் இது.

இந்த நிறுவனங்களில் எதற்குள் நுழைந்தாலும் நம்மைப் பற்றிய ஒரு வரி எங்கோ ஒரு தரவுத்தளத்தில் காத்திருக்கிறது. "பென்சிலின் ஒவ்வாமை உண்டு" என்பது அப்படி ஒரு வரி. அதைப் படிக்கும் மருத்துவர் வேறு மருந்து எழுதுகிறார், நோயாளி பிழைக்கிறார். அந்த வரியை யார் படிக்கலாம் என்பது பழைய கேள்வி. யார் மாற்றலாம் என்பதும் பழைய கேள்விதான். ஆனால் மாற்றக்கூடியவர்களின் பட்டியலில் இப்போது மனிதரல்லாத ஒன்றும் சேர்ந்துகொண்டிருக்கிறது. அதுதான் செயற்கை நுண்ணறிவு முகவர்.

உரையாடும் மென்பொருள் கேள்விக்குப் பதில் சொல்வதோடு நின்றுவிடும். முகவர் அதற்கு மேலும் போகிறது. கொடுத்த வேலையைத் தானே படிகளாகப் பிரிக்கிறது, வேறு மென்பொருள்களை இயக்குகிறது, வந்த விடையைப் பார்த்து அடுத்த படியை முடிவு செய்கிறது. தரவுத்தளத்தின் சாவியையும் அதனிடம் கொடுத்துவிட்டால் வரிகளைச் சேர்க்கும், திருத்தும், அழிக்கும். அந்தச் சாவியை எப்படிக் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

படிப்பதும் எழுதுவதும்

படிக்கும் உரிமைக்கும் எழுதும் உரிமைக்கும் உள்ள வேறுபாட்டின் எடையை உணர சிங்கப்பூர் 2018இல் பட்ட அடியைத் திரும்பிப் பார்க்கலாம். அந்த ஆண்டு ஜூன் 27 முதல் ஜூலை 4 வரை, ஊடுருவியவர்கள் சிங்ஹெல்த் குழுமத்தின் நோயாளித் தரவுத்தளத்திலிருந்து 1.5 மில்லியன் பேரின் பெயர், அடையாள எண், முகவரி, பிறந்த தேதி போன்றவற்றைப் படியெடுத்தார்கள். அவர்களில் சுமார் 160,000 பேருக்கு வழங்கப்பட்ட மருந்துகளின் விவரமும் போயிற்று. அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கின் பதிவுகளைக் குறிவைத்துத் திரும்பத் திரும்பத் தேடியிருந்தார்கள். 2015 மே மாதத்திலிருந்து சிங்ஹெல்த்தின் சிறப்பு வெளிநோயாளி மருந்தகங்களுக்கும் பலதுறை மருந்தகங்களுக்கும் போனவர்களின் பதிவுகள் இதில் சிக்கின. 2017 மறுசீரமைப்புக்கு முன் குவீன்ஸ்டவுன் பலதுறை மருந்தகமும் அந்தக் குழுமத்தில்தான் இருந்தது.

ஜூலை 4 அன்று தரவுத்தள நிர்வாகி ஒருவர் வழக்கத்துக்கு மாறான வினவல்களைக் கவனித்துத் தடுத்தார். ஜூலை 20 அன்று அரசாங்கம் செய்தியை வெளியிட்டபோது அதில் ஒரு வாக்கியம் முக்கியமானது. எந்தப் பதிவும் திருத்தப்படவில்லை, அழிக்கப்படவும் இல்லை என்றது அது. போன அந்தரங்கம் திரும்பாது, அந்த இழப்பு பெரியது. ஆனாலும் மறுநாள் காலை மருத்துவர்கள் திரையில் கண்டதை நம்பி மருந்து எழுத முடிந்தது.

ஊடுருவியவர்கள் எழுதவும் செய்திருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும். நூறு வரிகளை மாற்றியிருந்தாலே போதும். எந்த நூறு என்று தெரியும்வரை 1.5 மில்லியன் பேரின் பதிவுகளும் சந்தேகத்துக்குள்ளாகும். படிக்கும் உரிமை தவறான கைக்குப் போனால் ரகசியம் போகிறது. எழுதும் உரிமை தவறான கைக்குப் போனால் பதிவின் மேல் உள்ள நம்பிக்கையே போகிறது. எழுதும் உரிமையைத் தனியாக எடுத்துப் பேச வேண்டியிருப்பது இதனால்தான்.

சொல்லியும் கேளாத முகவர்

முகவர்களின் காலத்தில் இந்த ஆபத்து எப்படி வரும் என்பதை 2025 ஜூலையில் அமெரிக்காவில் நடந்த ஒரு சம்பவம் காட்டியது. சாஸ்டர் என்ற தொழில்முனைவோர் அமைப்பை நிறுவிய ஜேசன் லெம்கின், ரெப்ளிட் நிறுவனத்தின் நிரலாக்க முகவரைக் கொண்டு ஒரு செயலியை உருவாக்கிக்கொண்டிருந்தார். இனி எந்த மாற்றமும் செய்யக் கூடாது என்று முகவரிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார். அதையும் மீறி முகவர் உண்மையான தரவுத்தளத்தை அழித்தது. ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட நிர்வாகிகளைப் பற்றிய பதிவுகளும், ஏறக்குறைய அதே எண்ணிக்கையிலான நிறுவனங்களின் பதிவுகளும் அதில் இருந்தன. அழித்ததை மீட்க முடியாது என்றும் முகவர் சொன்னது. பிறகு பார்த்தால் மீட்க முடிந்தது. ரெப்ளிட்டின் தலைமை நிர்வாகி அம்ஜத் மசாத் மன்னிப்புக் கேட்டார். சோதனைக்கான தரவுத்தளத்தையும் உண்மைத் தரவுத்தளத்தையும் தானாகவே பிரித்து வைக்கும் ஏற்பாட்டை அறிவித்தார்.

இதில் இரண்டு பாடங்கள் உள்ளன. தடை வார்த்தையில் இருந்தது, உரிமையில் இல்லை. "மாற்றாதே" என்று சொன்ன அதே நேரத்தில், மாற்றுவதற்கான சாவி முகவரின் கையில் இருந்தது. இரண்டாவது பாடம், நடந்ததைப் பற்றி முகவரே தந்த அறிக்கை தவறாக இருந்தது. ஆகவே என்ன நடந்தது என்பதற்கான சாட்சியமும் முகவருக்கு வெளியே இருக்க வேண்டும்.

முகவர் ஏன் சொல்லை மீறுகிறது? அதன் மூளையாக இருக்கும் மொழி மாதிரி, முன்னால் உள்ள எழுத்து முழுவதையும் எடுத்துக்கொண்டு அடுத்து வரத் தகுந்த சொல்லைக் கணிக்கிறது. உரிமையாளரின் கட்டளை, தரவுத்தளத்திலிருந்து வந்த வரி, யாரோ அனுப்பிய மின்னஞ்சல் ஆகிய எல்லாம் அதற்கு ஒரே எழுத்தோடையின் பகுதிகள். கட்டளைக்கு அதிக மதிப்புக் கொடுக்கும்படி பயிற்றுவிக்கிறார்கள். பெரும்பாலும் அது வேலை செய்கிறது. ஆனால் பயிற்சி ஒரு சாய்வைத்தான் உண்டாக்கும், உறுதியைத் தராது. தரவுத்தளத்தின் உரிமைச் சோதனை அப்படிப்பட்டதல்ல. ஒரு கட்டளை வந்ததும் தரவுத்தள இயந்திரம் உரிமைப் பட்டியலைப் பார்க்கிறது. அனுமதி இல்லையென்றால் மறுக்கிறது. எவ்வளவு கெஞ்சினாலும், எவ்வளவு சாமர்த்தியமாக வாதாடினாலும் விடை மாறாது.

இந்த எழுத்தோடைக்குள் வெளியார் கட்டளையை நுழைப்பதும் எளிது. சைமன் வில்லிசன் என்ற நிரலாளர் 2022இல் இதற்கு 'பிராம்ப்ட் இன்ஜெக்ஷன்' என்று பெயரிட்டார். 2025இல் ஜெனரல் அனாலிசிஸ் என்ற குழு, சுபாபேஸ் என்ற தரவுத்தளச் சேவையை வைத்து இதைச் செய்து காட்டியது. வாடிக்கையாளர் போல ஒருவர் உதவி கேட்டு எழுதுகிறார். அந்தக் கடிதத்துக்குள், ரகசியக் குறியீடுகள் உள்ள அட்டவணையைப் படித்து இதே உரையாடலில் பதிலாக எழுதும்படி முகவருக்கு ஒரு கட்டளையும் இருக்கிறது. பிறகு நிறுவனத்தின் ஊழியர் புதிய கடிதங்களைக் காட்டும்படி தன் முகவரைக் கேட்கிறார். முகவரிடம் எல்லா அட்டவணைகளையும் திறக்கும் பெரிய சாவி இருந்தது. அது கடிதத்தைப் படித்தது, ரகசியத்தை எடுத்தது, வெளியாள் பார்க்கக்கூடிய உரையாடலில் எழுதி வைத்தது. செய்முறை விளக்கம்தான் என்றாலும் ஆழமான ஒன்றை அது உணர்த்தியது. எழுதும் உரிமை தரவைக் கெடுப்பதற்கு மட்டுமே பயன்படும் என்று எண்ணக் கூடாது. ரகசியத்தை வெளியே கடத்தும் வழியாகவும் அது ஆகிவிடும்.

இதற்கு முன்னோடியான கதை ஒன்று கணினி வரலாற்றில் உண்டு. நார்ம் ஹார்டி 1988இல் அதை எழுதினார். ஒரு நிறுவனத்தின் கணினியில் நிரல்மாற்றி ஒன்று இருந்தது. பயன்பாட்டுப் புள்ளிவிவரங்களைக் குறித்து வைப்பதற்காக அமைப்பின் சொந்தக் கோப்பகத்தில் எழுதும் உரிமையை அதற்குக் கொடுத்திருந்தார்கள். அதே கோப்பகத்தில் கட்டணக் கணக்குக் கோப்பும் இருந்தது. பயனர் ஒருவர் தன் வெளியீட்டை எழுத வேண்டிய இடமாகக் கட்டணக் கோப்பின் பெயரைக் கொடுத்தார். நிரல்மாற்றி தனக்கிருந்த உரிமையைக் கொண்டு அதன் மேலேயே எழுதிவிட்டது. கணக்கு அழிந்தது. பயனருக்கு அந்தக் கோப்பைத் தொட உரிமை கிடையாது. ஆனால் உரிமையுள்ள ஒன்று அவர் சொல்லுக்கு ஆடியது. ஹார்டி அதைக் குழம்பிப்போன பிரதிநிதி என்றார். இன்றைய முகவர் அதே பிரதிநிதிதான், கூடுதலாகப் பேச்சில் மயங்கக்கூடியது.

பூட்டு எங்கே இருக்க வேண்டும்

தீர்வின் அடித்தளம் ஐம்பது ஆண்டுப் பழமையானது. 1975இல் ஜெரோம் சால்ட்சரும் மைக்கேல் ஷ்ரோடரும் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, ஒவ்வொரு நிரலுக்கும் அதன் வேலைக்குத் தேவையான மிகக் குறைந்த உரிமையை மட்டுமே கொடுக்க வேண்டும் என்றது. மறு ஆண்டே ஐபிஎம் நிறுவனத்தின் சிஸ்டம் ஆர் ஆய்வுத் திட்டத்தில் பாட்ரிசியா கிரிஃபித்ஸும் பிராட்ஃபோர்டு வேடும் தரவுத்தளத்தில் உரிமையைக் கொடுக்கவும் திரும்பப் பெறவும் ஒரு முறையை விவரித்தார்கள். இன்று பல தரவுத்தளங்களில் இருக்கும் கிராண்ட், ரிவோக் என்ற இரண்டு கட்டளைகள் அந்த வழியில் வந்தவை.

குவீன்ஸ்டவுனில் வாழும் தமிழ் மூதாட்டி ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். இரவு ஒன்பது மணிக்குத் தொலைபேசியில் தமிழிலேயே, "வியாழக்கிழமை வர முடியாதுப்பா, அடுத்த வாரத்துக்கு மாத்திக் கொடு" என்கிறார். முகவர் அதைப் புரிந்துகொண்டு மருத்துவச் சந்திப்பை மாற்ற வேண்டும். கென்ட் ரிட்ஜில் பல்கலைக்கழகத்தோடு இணைந்து இயங்கும் ஏஐ சிங்கப்பூர் உருவாக்கிய சீ-லயன் மொழி மாதிரி தமிழையும் கையாளுகிறது. ஆகவே மொழி இங்கே தடையில்லை. உரிமையை எப்படி அளப்பது என்பதே கேள்வி.

முதலில், முகவருக்குத் தனிக் கணக்கு வேண்டும். நிர்வாகியின் கடவுச்சொல்லை அதனிடம் ஒருபோதும் கொடுக்கக் கூடாது. அந்தத் தனிக் கணக்கு சந்திப்பு அட்டவணையைத் தொடலாம், ஒவ்வாமை அட்டவணையை எழுதுவதற்காகத் தொடவே முடியாது. சந்திப்பு அட்டவணையிலும் நாள், நேரம் ஆகிய பத்திகளை மட்டும் திருத்தலாம். அழிக்கும் உரிமை கிடையாது. எந்த வரியை என்பதையும் கட்டலாம். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் 9.5ஆம் பதிப்பு 2016இல் வந்தபோது வரிவாரியான உரிமைக் கட்டுப்பாடு அதில் சேர்ந்தது. அதைக் கொண்டு, பேசுபவர் யாரோ அவருடைய வரிகள் மட்டுமே அந்த இணைப்பில் தெரியும்படி அமைக்கலாம். பேசுபவர் யார் என்பதைச் சிங்பாஸ் போன்ற அடையாளச் சோதனை முடிவு செய்ய வேண்டும், முகவரின் ஊகம் முடிவு செய்யக் கூடாது. ஹார்டியின் கதைக்கு மருந்து இதுவே. முகவர் தன் சொந்த அதிகாரத்தில் செயல்படாமல், கேட்டவரின் அதிகாரத்துக்குள் நின்று செயல்படும்.

அடுத்து, முகவருக்குத் தரவுத்தள மொழியைத் திறந்துவிடாமல் குறுகிய வினைகளை மட்டும் கொடுப்பது. எஸ்கியூஎல் மொழியில் அப்டேட் கட்டளையை எழுதும்போது எந்த வரிகளை என்று சொல்லும் 'வேர்' பகுதி விடுபட்டால், அட்டவணையின் எல்லா வரிகளும் மாறிவிடும். மனிதர்களே இந்தப் பிழையைப் பல பத்தாண்டுகளாகச் செய்து வருகிறார்கள். "சந்திப்பை மாற்று" என்ற ஒரே ஒரு செயல்முறையைத் தரவுத்தளத்துக்குள்ளேயே எழுதி வைத்து, சந்திப்பு எண்ணையும் புதிய நாளையும் மட்டும் முகவரிடம் வாங்கிக்கொண்டால் அந்தப் பிழைக்கு இடமே இல்லை. நாள் கடந்துவிட்டதா, மருத்துவருக்கு அந்த நேரம் காலியா, அது இவருடைய சந்திப்புதானா என்ற சோதனைகளையும் அந்தச் செயல்முறையே செய்யும்.

மூன்றாவதாக, முன்மொழிவையும் நிறைவேற்றத்தையும் பிரிப்பது. தரவுத்தளங்களில் பரிவர்த்தனை என்ற ஏற்பாடு உண்டு. அந்தக் கருத்தை வளர்த்தவர்களில் முதன்மையானவர், 1998இல் டூரிங் விருது பெற்ற ஜிம் கிரே. பல மாற்றங்களை ஒரு கட்டாகக் கட்டி, முழுவதும் நிறைவேறட்டும் அல்லது எதுவுமே நடக்காதது போல ஆகட்டும் என்று சொல்ல அது உதவுகிறது. முகவரின் மாற்றத்தை அப்படி ஒரு கட்டுக்குள் ஓட்டி, எத்தனை வரிகள் மாறின என்று எண்ணலாம். ஒரு வரி மாற வேண்டிய இடத்தில் இரண்டு மாறினாலும் தானாகவே ரத்து செய்யலாம். பெரிய மாற்றமானால் முகவர் அதைக் காத்திருப்பு அட்டவணையில் கோரிக்கையாக மட்டும் எழுதும். மனிதர் ஒருவர் பார்த்து ஒப்புதல் தந்த பின், வேறொரு கணக்கு அதை உண்மை அட்டவணைக்குக் கொண்டு செல்லும். வங்கிகளில் பதிபவர் ஒருவர், சரிபார்ப்பவர் மற்றொருவர் என்ற நடைமுறை நெடுங்காலமாக இருப்பதும் இதற்காகவே.

மனித ஒப்புதல் என்றதும் பாதுகாப்பு உறுதி என்று நினைத்துவிடக் கூடாது. நாளுக்கு முந்நூறு கோரிக்கைகள் வந்தால் முந்நூற்றையும் யாரும் படிக்க மாட்டார்கள். பொத்தானை அழுத்திக்கொண்டே போவார்கள். ஆகவே மனிதக் கவனத்தைச் சிக்கனமாகச் செலவிட வேண்டும். எளிதில் திருப்பக்கூடிய சிறு மாற்றங்களை விதிகளே சோதித்து விடட்டும். திருப்ப முடியாதவையும் உயிரோடு தொடர்புள்ளவையும் மட்டும் மனிதரிடம் வரட்டும். வரும்போது, பழைய மதிப்பும் புதிய மதிப்பும் அருகருகே தெரியட்டும்.

நான்காவது, அழியாத வரலாறு. தேர்ந்த கணக்குப்பிள்ளை பேரேட்டில் தவறைச் சுரண்டி அழிப்பதில்லை. எதிர்ப்பதிவு போட்டுச் சரிசெய்வார், தவறும் திருத்தமும் இரண்டுமே ஏட்டில் நிற்கும். தரவுத்தளமும் அப்படி இயங்க முடியும். ஒவ்வொரு மாற்றத்தையும் உண்மைக் கோப்பில் எழுதும் முன்பே ஒரு பதிவேட்டில் எழுதிக்கொள்ளும் முறை பெரும்பாலான தரவுத்தளங்களில் இருக்கிறது. அந்தப் பதிவேட்டையும் காப்புப்பிரதியையும் கொண்டு, நேற்று பிற்பகல் 3.14க்கு இருந்த நிலைக்குக் கூடத் திரும்பிப் போகலாம். ஒரே நிபந்தனை, அந்தக் காப்புப்பிரதியைத் தொடும் சாவி முகவரிடம் இருக்கக் கூடாது. தரவுத்தளத்தை அழிக்கும் அதே கணக்கு அதன் பிரதியையும் அழிக்க முடியுமானால் பிரதி இருந்தும் பயனில்லை.

இங்கே ஒரு எல்லையையும் சொல்ல வேண்டும். தரவுத்தளத்துக்குள் நடந்ததைத் திருப்பலாம். அதை நம்பி வெளியே நடந்ததைத் திருப்ப முடியாது. போன குறுஞ்செய்தி போனதுதான், கொடுத்த மருந்து கொடுத்ததுதான். ஆகவே பதிவு மாறியவுடன் வெளியுலகில் செயல் தொடங்கும் இடங்களில் பூட்டு முன்கூட்டியே இருக்க வேண்டும். மீட்புத் திட்டம் அங்கே காப்பாற்றாது.

யார் பொறுப்பு

சிங்கப்பூர் இதை ஒழுங்குமுறையின் பொருளாகவும் எடுத்துக்கொண்டிருக்கிறது. தகவல்தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையம், முகவர்களுக்கென்றே ஒரு முன்மாதிரி நிர்வாகக் கட்டமைப்பை 2026 ஜனவரியில் வெளியிட்டது. அதன் நான்கு தூண்களை எளிதாகச் சொல்லலாம். ஆபத்தை முன்கூட்டியே மதிப்பிட்டு முகவரின் எல்லையை வரையறுப்பது, மனிதர்களை மெய்யாகவே பொறுப்பாக்குவது, தொழில்நுட்பக் கட்டுப்பாடுகளை அமைப்பது, பயனர்களும் தங்கள் பங்கைச் செய்ய உதவுவது. மனித ஒப்புதல் எந்தக் கட்டங்களில் தேவை என்பதைத் தீர்மானிப்பதும், இயந்திரத்தை அளவுக்கு மீறி நம்பிவிடும் மனிதப் பழக்கமும் அதில் பேசப்படுகின்றன.

பொறுப்பு என்ற சொல்லின் கனம் 2018 சம்பவத்திலும் தெரிந்தது. விசாரணைக் குழு தொழில்நுட்ப ஓட்டைகளோடு, சந்தேகம் எழுந்த பிறகும் மேலிடத்துக்குத் தகவல் போகத் தாமதமானதையும் சுட்டிக்காட்டியது. தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2019 ஜனவரியில், இன்று சினாப்ஸ் என்று அழைக்கப்படும் அமைப்புக்கு 750,000 வெள்ளியும் சிங்ஹெல்த்துக்கு 250,000 வெள்ளியும் அபராதம் விதித்தது. ஆனால் அந்த நெருக்கடியில் திருட்டை நிறுத்தியது, தன் திரையில் தெரிந்த வினவல் இயல்பாக இல்லை என்று கண்டுகொண்ட ஒரு நிர்வாகியின் கண். முகவர்கள் நொடிக்குள் பல கட்டளைகளை அனுப்பும் காலத்தில் அந்தக் கண்ணுக்கு உதவி வேண்டும். எந்த முகவர், யார் சார்பில், எந்தக் கட்டளையை, எப்போது அனுப்பியது என்பதைத் தரவுத்தளமே எழுதி வைக்க வேண்டும். வழக்கத்துக்கு மாறான வேகமோ அளவோ தெரிந்தால் இணைப்பைத் தானே துண்டிக்க வேண்டும்.

இத்தனை பூட்டுகள் போட்டால் முகவரால் என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. நான் இதை மறுபக்கத்திலிருந்து பார்க்கிறேன். எல்லை தெளிவாக இருக்கும் இடத்தில்தான் முகவரைத் தயங்காமல் விட முடியும். சந்திப்பு நாளை மட்டுமே மாற்றக்கூடிய முகவரை இரவு ஒன்பது மணிக்கும் தனியே இயங்க விடலாம். எல்லாவற்றையும் மாற்றக்கூடிய முகவரின் பக்கத்தில் எப்போதும் ஒருவர் காவல் நிற்க வேண்டியிருக்கும். முதியோர் நீண்ட காலம் நலமாக வாழ வேண்டும் என்ற நோக்கத்தோடு 2021இல் அறிவிக்கப்பட்ட குவீன்ஸ்டவுன் சுகாதார வட்டாரத் திட்டம் போன்றவற்றுக்கு இத்தகைய உதவி உண்மையிலேயே தேவை. ஆங்கிலம் அறியாத ஒரு மூதாட்டி தன் மொழியில் பேசித் தன் காரியத்தை முடித்துக்கொள்வது சிறிய விஷயமல்ல. அந்த வசதி அவருக்குக் கிடைக்க வேண்டும், அவருடைய ஒவ்வாமை வரியும் பத்திரமாக இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றாகக் கிடைக்கக்கூடியவைதான்.

முகவரைப் பணியில் அமர்த்தும் எந்த நிறுவனத்தையும் நாம் மூன்று கேள்விகள் கேட்கலாம். உங்கள் முகவரால் எதை எழுத முடியும்? அது தவறாக எழுதினால் எவ்வளவு நேரத்தில் திருப்புவீர்கள்? அதைத் தடுப்பது உங்கள் அறிவுரையா, உங்கள் தரவுத்தளமா? முதல் இரண்டுக்கும் நல்ல பதில் வந்தாலும், மூன்றாவதற்கு "நாங்கள் அதனிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறோம்" என்று பதில் வந்தால் நம் பதிவுகள் அங்கே பாதுகாப்பாக இல்லை.